பதிவு இலக்கம் ஒன்று

மன்னார்
திகதி: 03.03.2014

திரு. அ. நிறோஜன் அவர்களுக்கு,

உங்கள் பழைய தொலைபேசி இலக்கம் மூன்று கிழமையாக வேலை செய்யவில்லை. புது இலக்கம் இங்கே ஒருவரிடமும் இல்லை. ஈமெயில் இரண்டு போட்டேன், பதில் இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் கொழும்பு பஸ்காரரிடம் கொடுத்து நீங்கள் புதிதாக வேலை செய்யும் கந்தோருக்கு அனுப்புகிறேன்.

ஜனவரியில் போகும்போது என் மேசையில் ஒரு கொப்பித் தாளை வைத்துவிட்டு, “டெம்ப்ளேட் செய்து முடிச்சிட்டேன் அக்கா. ஒன்றைச் சரியாகச் செய்து மூடி வைத்தால் போதும். அதிலிருந்து எத்தனை கொம்பியூட்டர் வேண்டுமோ நகல் எடுக்கலாம். ஒன்று பழுதானால் எறிந்துவிட்டு அரை மணித்தியாலத்தில் இன்னொன்று” என்று சொன்னீர்கள். நம்பினேன். ஊர் திரும்பியவர்களைப் பதிந்து சான்றிதழ் எடுக்க உதவும் எங்கள் நிலையத்துக்குக் கிடைத்த மூன்று சேர்வர் பெட்டிகளையும் பேசாலை, விடத்தல்தீவு, அரிப்பு என்று மூன்று கிளைகளுக்கும் அனுப்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் உங்கள் நகலை இறக்கினோம். உங்கள் தாளைச் சுவரில் ஒட்டி வைத்து, வரிக்கு வரி பார்த்துத்தான் செய்தோம்.

இப்போது நடந்திருப்பது இது. போன மாத நடுவில் மூன்று கிளைகளின் பதிவுகளையும் மன்னாரில் ஒன்றுசேர்த்தபோது, மூன்று இயந்திரமும் தங்களுக்கு ஒரே பெயர் என்கின்றன, ஒரே இலக்கம் என்கின்றன. எங்கள் பெரிய கொம்பியூட்டர் மூன்றையும் ஒன்று என்று எண்ணி, ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிட்டது. விடத்தல்தீவில் பதிந்த அறுபத்திரண்டு குடும்பங்கள் அரிப்பின் கீழ் விழுந்து கிடக்கின்றன.

உங்களுக்கு இது இலக்கம். எனக்கு இராசேஸ்வரி என்று ஒரு ஆள். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை அகதி முகாமிலிருந்து போன வருடம் திரும்பியவர். பிள்ளை முகாமில் பிறந்தது, இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டோம் என்கிறார்கள். எங்கள் கடிதத்தில் “அரிப்புக் கிளைக்கு வரவும்” என்று இருந்ததால், விடத்தல்தீவிலிருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அரிப்புக்குப் போயிருக்கிறார். அங்கே “உங்கட பைல் இஞ்ச இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் நான் என்ன சொல்வது?

இன்னொன்று. மூன்று கிளையிலும் முதலாம் இலக்கத்தில் ஒரே ஆளின் பெயர் இருக்கிறது. எட்வேட், பிறந்தது 1979. இவர் யார்? எப்படி மூன்று ஊரிலும் பதிந்தார்?

உடனே பதில் எழுதவும்.

பெற்றிசியா
பொறுப்பாளர்


வெள்ளவத்தை
தேதி: 9 மார்ச் 2014

அன்புள்ள பெற்றிசியா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எனக்கு “நீங்கள்” என்று எழுதியிருப்பதிலேயே கோபம் எவ்வளவு என்று தெரிகிறது. கூட வேலை செய்த ஆறு மாதமும் “நீர்” என்றுதான் கூப்பிட்டீர்கள்.

ஆனால் பிழை முழுவதும் என்னுடையது இல்லை. டெம்ப்ளேட் என்பது ஒரு சர்வர் பெட்டிக்குள் ஓடுகிற, தனக்கென்று உடம்பு இல்லாத ஒரு கணினி. அதை முழுவதுமாகத் தயார் செய்து, அணைத்து, மூடி வைப்போம். நகல் எடுத்ததும் ஒவ்வொரு நகலுக்கும் புதுப் பெயரும் புது முகவரியும் கொடுக்க வேண்டும். அது ஏழாவது படி. தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பின்பக்கத்தைப் பார்க்காமல் நகல் எடுத்தால் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூடுவதற்கு முன் அந்த முதல் கணினிக்கு மட்டும் உரிய எல்லாவற்றையும் துடைத்திருக்க வேண்டும். பெயர், உள்நுழைவுச் சாவிகள், பழைய குறிப்புகள், அதன் உள் அடையாள எண் எல்லாம். அந்த அடையாள எண்ணைத் துடைக்க மறந்துவிட்டேன். அதை மாற்றும் முறையை அடுத்த தாளில் எழுதியிருக்கிறேன். கிளைகளில் ஒவ்வொரு நாளும் எடுக்கும் சேமிப்பு அந்தந்தப் பெட்டியில் அப்படியே இருக்கும், யாருடைய பதிவும் அழிந்துவிடவில்லை. அடையாளம் மாறிய பின் மறுபடி மன்னாரில் சேர்த்தால் அறுபத்திரண்டு குடும்பமும் தங்கள் இடத்துக்குப் போய்விடும். இராசேஸ்வரி அக்காவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

முதலாம் இலக்கம் சோதனைக்காகப் போட்ட பதிவு. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

புது இடத்தில் வேலை கடுமை. ஒரே நாளில் நாற்பது நகல் எடுக்கிறார்கள், யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை.

நிறோஜன்


மன்னார்
திகதி: 17.03.2014

நிறோஜன்,

சரி, “நீர்” என்றே எழுதுகிறேன். கோபம் குறைந்ததால் அல்ல.

உம்முடைய தாளின் பின்பக்கத்தை நான் எப்படிப் பார்ப்பது? அதைச் சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்தேன். பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறது என்று முன்பக்கத்தில் ஒரு சொல் போட்டிருக்கக்கூடாதா? தண்ணீர் தொட்டு உரித்ததில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. ஏழாவது படியில் பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. மிச்சத்தை ஊகித்துச் செய்தோம்.

அரிப்பும் விடத்தல்தீவும் இப்போது சரி. இராசேஸ்வரியின் பைல் விடத்தல்தீவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் பேசாலை இயந்திரம் பெயர் மாற்றிய பிறகு ஒருவரோடும் பேசமாட்டேன் என்கிறது. வயரைக் கழற்றிப் பூட்டினோம், பெட்டியை அணைத்துப் போட்டோம், நெட்வேர்க் இல்லை, இல்லை, இல்லை. மூன்று நாளாக அங்கே பதிவுகள் கொப்பியில்தான் நடக்கின்றன. மீன்வாடியிலிருந்து நேரம் ஒதுக்கி வருகிற சனம், “நாளைக்கு வாங்கோ” என்றால் இரண்டாம் முறை வருவார்களா?

அடுத்தது, கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற உம்முடைய எட்வேட். கணக்கில் எடுத்தாயிற்று. அரிப்புக் கிளையில் வேலை செய்கிற சுபாஸைத் தெரியாது உமக்கு, நீர் போன பிறகு வந்தவர், ஒழுங்கான பெடியன். பதிந்துவிட்டு, சான்றிதழுக்கு நாங்கள் கொடுக்கும் கடிதத்தை எடுக்க வராதவர்களின் பட்டியலை அச்செடுத்து வாசல் பலகையில் குத்தியிருக்கிறார். முதல் பெயர் எட்வேட். முகவரி வங்காலை.

போன கிழமை வங்காலையிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். அறுபது வயதிருக்கும், கையில் ஒரு பைல் கட்டு. பெயர் மதலேனா. “என்ர மகன் எப்ப வந்து பதிஞ்சவன் தம்பி?” என்று கேட்டிருக்கிறார். சுபாஸ் பார்த்து, “ஒக்டோபர் பன்னிரண்டு அம்மா. நான் வேலைக்கு வர முதலே பதிஞ்சிருக்கினம். நம்பர், பிறந்த திகதி எல்லாம் சரியா இருக்கு” என்றிருக்கிறார். “என்ன சேட்டுப் போட்டிருந்தவன்? மெலிஞ்சு போனானோ?” என்று கேட்டாராம். மகன் 2009 ஏப்ரலில் வன்னியில் காணாமற்போனவர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸில் வந்து, கடிதம் எடுக்க மகன் வருவான் என்று வாசலில் கிடக்கிற நீட்டு மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். நான்கு மணிக்குக் கதவு பூட்டும்வரை.

சோதனைப் பதிவு என்றீர். விடத்தல்தீவுக் கிளையில் வேலை செய்கிற பர்ஸானா அந்த அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்த்தார். அது கற்பனை இலக்கம் இல்லை. உண்மையான ஒரு மனிதருடையது. அது உமக்கு எங்கே கிடைத்தது?

பெற்றிசியா


வெள்ளவத்தை
தேதி: 24 மார்ச் 2014

பெற்றிசியா அக்காவுக்கு,

பேசாலைப் பிரச்சினை இது. நகல் பழைய கணினியின் நெட்வொர்க் கார்டை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. தன்னிடம் இப்போது இருப்பதை இரண்டாவது என்று எண்ணிக்கொண்டு, இல்லாத முதலாவதுக்காகக் காத்திருக்கிறது. அந்த நினைவு ஒரு சிறிய கோப்பில் இருக்கிறது. அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். கட்டளையைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன்.

இதோடு அனுப்பும் ஹார்ட் டிஸ்க்கில் பழைய டெம்ப்ளேட்டைப் போட்டு அனுப்புங்கள். இணையத்தில் அனுப்ப முயற்சிக்க வேண்டாம், ஒரு மாதம் ஆகும். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஒன்று செய்து தருகிறேன்.

பலகையில் உள்ள பட்டியலைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். அந்த அம்மாவிடம் அது ஒரு பிழை என்று சுபாஸைக் கொண்டு சொல்லுங்கள். முதலாம் பதிவை நீக்க நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும், கீழே இருக்கிறது. நீக்கியதும் ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எண் எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

நிறோஜன்


மன்னார்
திகதி: 02.04.2014

நிறோஜன்,

பேசாலை வேலை செய்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் இதோடு வருகிறது. இனி மற்றதற்கு வருகிறேன்.

“பிழை” என்று சுபாஸ் சொன்னார். அந்த அம்மா நம்பவில்லை. “பிழையெண்டால் நம்பர் எப்படித் தம்பி சரியா வந்தது?” என்று கேட்டிருக்கிறார். பிறகு யாரோ விடத்தல்தீவிலும் அதே பெயர் இருக்கிறது என்று சொல்ல, அங்கே போயிருக்கிறார். இருக்கிறது. பேசாலைக்குப் போயிருக்கிறார். அங்கேயும் இருக்கிறது. அவர் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? மகன் உயிரோடு இருக்கிறான், பயத்தில் ஒரு இடத்தில் நில்லாமல் கரை முழுக்க மாறி மாறித் திரிகிறான், போகிற ஊரில் எல்லாம் பதிகிறான், ஆனால் கடிதம் எடுக்க வரப் பயப்படுகிறான். வங்காலைக் கோவிலில் நன்றிப் பூசைக்குக் கொடுத்துவிட்டார். அயலட்டை முழுவதும் தெரியும். சனம் வீடு தேடி வந்து கையைப் பிடித்துச் சந்தோசப்படுகிறது.

சனிக்கிழமை நானே அவருடைய வீட்டுக்குப் போனேன். பட்டியலைப் பற்றி விளக்கலாம் என்றுதான் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. பைல் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக மடியில் வைத்தார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, பொலிசுக்கு, மனித உரிமைக்காரருக்கு, ஆயருக்கு என்று எழுதிய பதினொரு கடிதத்தின் பிரதிகள். ஒவ்வொன்றின் தலையிலும் “தேதி” என்று இருந்தது. இங்கே ஒருவரும் “தேதி” என்று எழுதுவதில்லை, நிறோஜன். நாங்கள் “திகதி” என்றுதான் எழுதுவோம். அந்தக் கையெழுத்தும் எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக என் சுவரில் ஒட்டியிருந்த கையெழுத்து.

“ஆரம்மா இதெல்லாம் எழுதினது?” என்று கேட்டேன்.

“என்ர இளையவன். இந்தியாவில படிச்சவன். எழுத்து வடிவாயிருக்கும். என்னோட கோவிச்சுக்கொண்டு திரும்பி அங்கயே போயிட்டான்” என்றார்.

வேலை நேர்முகத்துக்கு வந்தபோது, “எனக்கு இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை” என்று சொன்னீர். நான் பரிதாபப்பட்டுத்தான் உம்மை எடுத்தேன். உம்முடைய தாய் அரை மணித்தியாலப் பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்.

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். வந்ததும் உம்முடைய கடவுச்சொல்லைப் போட்டு அந்தப் பதிவை நீக்கப் போனேன். நீக்குவதற்குக் காரணம் கேட்டது. பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அது என் வேலை இல்லை.

அவரிடம் உண்மையைச் சொல்வதும் என் வேலை இல்லை. நீர் வந்து சொல்லும்.

பெற்றிசியா


வெள்ளவத்தை
தேதி: 12 ஏப்ரல் 2014

அக்கா,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிக்குமுன் அனுப்பிவிடுகிறேன்.

நாங்கள் 1990இல் விடத்தல்தீவிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனோம். எனக்கு நான்கு வயது. அப்பா முகாமிலேயே இறந்தார். சமாதானம் வந்தது என்று 2003இல் அம்மாவும் அண்ணாவும் திரும்பினார்கள். நான் படிப்பு முடியட்டும் என்று சித்தப்பாவோடு நின்றுவிட்டேன். அண்ணாதான் நிற்கச் சொன்னார். பிறகு சண்டை. அவர்கள் வன்னிக்குள் போய், அம்மா மட்டும் வெளியே வந்தார். வங்காலையில் சின்னம்மாவின் வளவில் ஒரு வீடு போட்டுக் கொடுத்தார்கள். நான் 2012இல் வந்து சேர்ந்தேன்.

வந்த நாள் முதல் கடிதம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரே விபரம், ஒரே எண், வேறு வேறு முகவரி. பதினொன்று எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை என்று சொல்ல முடியாது. “உமது கடிதம் கிடைத்தது” என்று இரண்டு வந்தன. பன்னிரண்டாவதை எழுத உட்கார்ந்த அன்று, யாரோ ஒரு தடுப்பு முகாமில் அண்ணாவைக் கண்டதாக எழுதும்படி அம்மா சொன்னார். கண்டவர் யார் என்று கேட்டேன். அவருக்குப் பெயர் தெரியவில்லை. நான் பேனையை வைத்துவிட்டு, “அண்ணா இல்லை அம்மா. எப்பவோ முடிஞ்சுது. இனி நான் எழுதமாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அம்மா சத்தம் போடவில்லை. “சொன்னதைத் திருப்பி எடுக்கும்வரைக்கும் இந்த வாசல் படலையைத் திறவாத” என்றார். அது போன வருடம் ஜூன். ஆகஸ்டில் உங்களிடம் வேலைக்கு வந்தேன்.

அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. கந்தோரில் நான் மட்டும். டெம்ப்ளேட்டை மூடுமுன் பதிவுப் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைப் பதிய வேண்டும். அடையாள அட்டை எண்ணும் பிறந்த நாளும் பொருந்தாவிட்டால் ஏற்காது, நானே அப்படித்தான் எழுதியிருந்தேன். எனக்கு அப்போது சொந்தமாக அட்டை இல்லை, டிசம்பரில்தான் வந்தது. எனக்குப் பாடமாகத் தெரிந்த ஒரே எண் அண்ணாவுடையது. அடித்தேன். வங்காலை முகவரியையும் அடித்தேன். திரையில் பச்சை எழுத்தில் “பதிவு ஏற்கப்பட்டது” என்று வந்தது. ஐந்து வருடத்தில் அண்ணாவின் பெயருக்கு எந்த இடத்திலும் ஏற்கப்பட்டது என்று பதில் வந்ததில்லை. அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு துடைக்கத் தொடங்கினேன். சாவிகள், குறிப்புகள் என்று ஒவ்வொன்றாக. பதிவை நீக்கப் போனபோது காரணம் கேட்டது. அதையும் நான்தான் எழுதினேன், யாரும் கவனமில்லாமல் ஒரு மனிதரை அழித்துவிடக்கூடாது என்று. இறந்தவர், வேறிடம் சென்றவர், தவறான பதிவு. மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யாமல் அது விடாது. அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்ன சொல்லை அந்த இடத்தில் என்னால் தெரிவு செய்ய முடியவில்லை, அக்கா. மற்ற இரண்டும் பொய் மாதிரி இருந்தன. பின்வழியாக ஒரு கட்டளையில் அழித்திருக்கலாம். பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டு அப்படியே மூடினேன். அடையாள எண்ணை மறந்ததும் அந்தக் குழப்பத்தில்தான்.

லீவு இல்லை. புதுவருடமும் பெரிய வெள்ளியும் சேர்ந்து வருகின்றன, பஸ்ஸில் இடமும் இல்லை. இது சாட்டு என்று எனக்கே தெரிகிறது. நீங்கள் சொல்லிவிடுங்கள், அக்கா. உங்கள் வாயால் கேட்டால் அம்மா தாங்குவார். என் வாயால் கேட்டால் இரண்டாவது தடவையும் நானே அண்ணாவைக் கொன்றதாக ஆகிவிடும்.

நிறோஜன்


மன்னார்
திகதி: 22.04.2014

நிறோஜன்,

நான் சொல்லவில்லை. ஆனால் உம்முடைய தாய்க்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீர் இங்கே இருந்து கேட்டிருக்க வேண்டிய பேச்சு அது.

உயிர்த்த ஞாயிறு முடிந்து நேற்றுக் காலை கந்தோர் திறந்தவுடன் வந்தார். கதிரையைக் கொடுத்தேன், இருக்கவில்லை. “பிள்ளை, எல்லாரும் எனக்குக் கடதாசியைத்தான் காட்டினவை. அந்தக் கொம்பியூட்டருக்குள்ள இருக்கிறதை ஒருக்கா எனக்குக் காட்டுங்கோ” என்றார். மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. திறந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பெயர், பிறந்த திகதி, இலக்கம், வீடு. கடைசி வரியில் விரல் நின்றது.

“பதிந்தவர் எண்டால்?”

“இதுக்குள்ள எழுதினவர் அம்மா.”

“நிறோஜன் எண்டு போட்டிருக்கு. எந்த நிறோஜன்?”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“உங்கட மகன்தான் அம்மா. போன வருசம் இஞ்ச வேலை செய்தவர்.”

“இஞ்சயோ? மன்னாரிலயோ?”

“ஓம்.”

“எவ்வளவு நாள்?”

“ஆறு மாசம். இப்ப கொழும்பில.”

அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கொம்பியூட்டரில் சோதனைக்கு எழுதிய பெயர், அதை நகல் எடுத்ததால் மூன்று ஊரிலும் வந்தது என்று. அவருக்கு விளங்காது என்று நினைத்துச் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். விளங்கிவிட்டது.

“அப்ப மூத்தவன் வரேல்ல.”

“இல்லையம்மா.”

“பேசாலைக்கும் போகேல்ல.”

“இல்லை.”

அழவில்லை. கைலேஞ்சியை விரித்து மறுபடி மடித்தார். “இவன் நம்பரைப் பார்த்து எழுதினவனோ, பாடமோ?” என்று கேட்டார். பாடம் என்றேன். “தமையன்ர நம்பர் பாடம். அரை மணித்தியாலம் பஸ்ஸில வர மட்டும் வழி மறந்துபோச்சு” என்றார். உம்முடைய கடிதம் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. படலைக் கதை எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. தானாகவே சொன்னார்: “நானும் ஒரு சொல்லுச் சொல்லித்தான் விட்டனான்.”

எழும்பிப் போகும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன் பிள்ளை. பூசைக்கும் குடுத்தாச்சு. இனி அதை ஒவ்வொருத்தருக்கும் நான் போய்ச் சொல்லமாட்டன். அவனை வரச் சொல்லுங்கோ. நான் போன மூண்டு கந்தோருக்கும் அவன் என்னோட வரவேணும்.”

எனக்கு உம்மில் இன்னும் கோபம்தான். நீக்குவதற்கு மூன்று காரணம் வைத்தீரே, காணாமற்போனவர் என்று ஒன்று வைக்க உமக்கு ஏன் தோன்றவில்லை? இந்தக் கரையில் எத்தனை வீட்டில் அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று உமக்குத் தெரியாதா? நீர் வராவிட்டால் புது டெம்ப்ளேட்டும் எனக்கு வேண்டாம். கொப்பியில் எழுதிக்கொள்கிறோம்.

மே மாதம் முதல் மூன்று நாளும் நான் வவுனியாவில் கூட்டத்தில் இருப்பேன். கந்தோரைப் பூட்டி, திறப்பை அடுத்த கடையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

பெற்றிசியா


வங்காலை
4 மே 2014

அன்புள்ள பெற்றிசியா அக்காவுக்கு,

நீங்கள் இல்லாத நேரத்தில் வந்து போகிறேன். புது டெம்ப்ளேட் உள்ள ஹார்ட் டிஸ்க் இந்தக் கடிதத்தோடு உங்கள் மேசையில் இருக்கிறது. மூன்று கிளையிலும் பழையதை எறிந்துவிட்டுப் புதியதை இறக்கி, அந்தந்த ஊர்ப் பதிவுகளை உள்ளே சேர்த்துவிட்டேன். நகல் எடுத்ததும் பெயரையும் முகவரியையும் இனி அதுவே கேட்கும், கேட்டதற்குப் பதில் கொடுக்காமல் தொடங்காது. நீங்கள் கேட்ட நான்காவது காரணத்தையும் சேர்த்திருக்கிறேன். ஆனால் அதைத் தெரிவு செய்தால் பெயர் நீங்காது, தனிப் பட்டியலுக்குப் போகும். உங்கள் மேலிடம் ஒத்துக்கொள்ளுமோ தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் எடுக்கும் வழியை எழுதி வைக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் வங்காலையில் இறங்கினேன். படலைக்கு வெளியே நின்றேன். அம்மா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மிச்சத்தையும் கூட்டி முடித்தார். பிறகு, “நாளைக்கு எட்டு மணி பஸ். உள்ள வந்து சேட்டை மாத்து” என்றார். அன்றிரவு சின்னம்மாதான் சோறு போட்டார்.

காலையில் பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஐந்து நிமிட நடை. அதற்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எதிரில் வந்த ஒவ்வொருவரும் “மூத்தவன் வந்திட்டானோ?” என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் நின்று, “இவனைக் கேளுங்கோ” என்றார். “அண்ணா வரேல்ல. அது நான் கந்தோரில விட்ட பிழை” என்று ஏழு தடவை சொன்னேன். ஒரு ஐயா மட்டும், “உனக்கு விளையாட்டோ தம்பி? ஒரு மாசமா நாங்கள் நித்திரை கொள்ளேல்ல, எங்கட மகனும் வருவானெண்டு” என்றார். எட்டு மணி பஸ் போய்விட்டது. ஒன்பது மணி பஸ்ஸில் போனோம்.

அரிப்பில் சுபாஸ் எழும்பி நின்று தன்னுடைய கதிரையை அம்மாவுக்குக் கொடுத்தார். பட்டியல் குத்தியதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். “நீர் உம்மட வேலையைச் செய்தனீர் தம்பி” என்றார் அம்மா. பிறகு சுபாஸ் பழைய பதிவைத் திறந்து நீக்கப் போனார். திரையில் காரணம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

“என்ன கேக்குது?” என்றார் அம்மா.

“ஏன் எடுக்கிறது எண்டு கேக்குது அம்மா. மூண்டில ஒண்டு சொல்லவேணும்.”

“வாசியும்.”

சுபாஸ் தயங்கித் தயங்கி வாசித்தார். முதலாவதை வாசித்தபோது நான் வெளியே போகப் பார்த்தேன். அம்மா என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றையும் கேட்டுவிட்டு, ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“தவறான பதிவு எண்டு போடும். அவன் இஞ்ச வரேல்ல. அதுதானே நடந்தது.”

அக்டோபரிலிருந்து அந்த மூன்று சொல்லில் ஒன்றை என்னால் எடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை.

அன்று பின்னேரம் விடத்தல்தீவு. அங்கேயும் அதே காரணத்தைத்தான் போட்டோம். பர்ஸானா அக்கா எங்களுக்குப் பிளேன்டீ போட்டுத் தந்துவிட்டு, தன் தம்பியைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இடம்பெயர்ந்து போன புத்தளத்திலிருந்து திரும்பி வரமாட்டேன் என்று நிற்கிறாராம். இருவரும் சேர்ந்து எங்களைப் போன்றவர்களைத் திட்டினார்கள். இராசேஸ்வரி அக்காவும் அன்று வந்திருந்தார். பிள்ளையின் சான்றிதழ் இன்னும் வரவில்லை, மாவட்டக் கச்சேரிக் கந்தோரில் நிற்கிறதாம். அதற்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நேற்றுப் பேசாலை. அங்கே அம்மா, “இதை நீயே எடு” என்றார். நானே திறந்தேன், நானே காரணத்தைத் தெரிவு செய்தேன். அண்ணாவின் பெயர் போய், இரண்டாவதாக இருந்தவர் முதலாவதாக வந்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவே எங்களுக்கு ஒரு இருக்கைதான் கிடைத்தது. அம்மாவை இருத்திவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். பெரிய பாலம் தாண்டியதும் அவர் என்னைப் பாராமல், “அவன் வந்தால் அவனே வந்து பதியட்டும். ஆரும் அவனுக்காகப் பதிய வேண்டாம்” என்றார்.

“ஓம் அம்மா” என்றேன்.

போன வருடம் நான் சொன்ன சொல்லுக்கு அது மறுமொழியா, அந்தச் சொல்லை நான் திருப்பி எடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்சம் ஒதுங்கி, இருக்கையில் எனக்கும் இடம் விட்டார்.

நிறோஜன்